வியாழக்கிழமை டீச்சர்

நந்தகோபாலின் தம்பி செல்வக்குமார் இடி விழுந்து செத்தது ஐப்பசி மாதத்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். கயத்தாற்றுக்குக் கிழக்கே, ஓடையங்குளத்துக் காட்டில். காடு என்றதும் மரம் அடர்ந்த இடம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் பக்கம் வெள்ளாமை நிலத்துக்குத்தான் அந்தப் பெயர். கண்ணுக்கெட்டின தூரம் கறுப்பு மண், அதில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும், நடுநடுவே கரண்டு எடுக்கிற வெள்ளைக் காற்றாடிகள், எங்கேயாவது ஒற்றையாய் ஒரு வேம்பு. மழை பிடித்தால் ஒதுங்க இடம் கிடையாது. நனைந்த கரிசல் காலைப் பிடித்துக்கொண்டு ஓடவும் விடாது.

செல்வக்குமாருக்குக் கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில் வேலை. இரவு ஷிப்டு முடிந்து காலையில் வந்தவன், படுக்காமல், அண்ணனுக்குப் பதிலாக ஆட்டைப் பத்திக்கொண்டு போனான். அண்ணனுக்கு உடம்புக்கு முடியலை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் லீவு என்பதால் அண்ணன் மகள் பிரித்திகாவும் கூடப் போனாள். நாலாம் வகுப்பு. சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். அவன் மில்லுக்குப் பஸ் ஏறும்வரை பின்னாலேயே போவாள். வாய் ஓயாது. "சித்தப்பா, காத்தாடி நின்னுபோச்சுன்னா நம்ம வீட்ல லைட் எரியாதா? சித்தப்பா, ஆட்டுக்குச் சொப்பனம் வருமா?" அவனும் சலிக்காமல் பதில் சொல்வான். வரும், ஆட்டுச் சொப்பனத்துல பூராவும் உளுந்தங்கொடிதான் என்பான்.

மழை வெறித்த பிறகு தேடிப் போனவர்கள் வேப்பமரத்தடியில் செல்வக்குமாரையும் சில ஆடுகளையும் கண்டார்கள். பிரித்திகா கொஞ்சம் தள்ளி, உளுந்துக்குள் உட்கார்ந்து ஒரு குட்டியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். குட்டி மூச்சுவிட முடியாமல் திணறியது. அவள் கையைப் பிரிக்க ரெண்டு பேர் வேண்டியிருந்தது.

அன்றோடு அவள் பேச்சு நின்றுபோனது.

வீட்டில் தலையை ஆட்டுவாள். ரொம்ப அவசரம் என்றால் அம்மா சத்தியபாமாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "தண்ணி" என்பாள். பள்ளிக்கூடத்தில் அதுவும் இல்லை. சட்டைக் காலரை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டே இருப்பாள். சாயங்காலம் வரும்போது காலர் நைந்து ஈரமாய்த் தொங்கும். மேகம் கறுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அந்த வருஷம் கார்த்திகையிலும் மழை விடவில்லை. சத்தியபாமா பலதடவை அவளைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து, நனைந்த பாவாடையை மாற்றிவிட்டாள். பேய் ஓட்டுகிற கோடாங்கியிடம் கூட்டிப்போனார்கள். அவர் உடுக்கை அடிக்கத் தொடங்கியதும் பிள்ளை அலறிய அலறலில் பாதியிலேயே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு தாயத்து மட்டும் மிஞ்சியது.

அந்த வருஷம்தான் சின்னப் பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும் என்று, தொடக்கப் பள்ளிகளில் மனநல ஆலோசகர் வைக்க அரசாங்கம் மானியம் கொடுத்திருந்தது. ஒரே ஆளுக்குப் பல பள்ளிக்கூடங்கள். ஓடையங்குளத்துக்கு வியாழக்கிழமை. கோவில்பட்டியிலிருந்து பானு என்கிற பெண் ஸ்கூட்டியில் வருவாள். மனநலம் படித்தவள். முகத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு புழுதியோடு வந்து இறங்கி, தலையைத் தட்டிக்கொண்டே சிரிப்பாள். அவள் உத்தியோகத்தின் பெயர் பிள்ளைகள் வாயில் நுழையவில்லை. வியாழக்கிழமை டீச்சர் என்றார்கள். சத்துணவு அரிசி அடுக்குகிற அறையில் பாதியை ஒழித்து, பாய் விரித்துக் கொடுத்திருந்தார் தலைமையாசிரியர் காளிராஜ்.

பானு பிரித்திகாவைப் பார்க்கலாமா என்று கேட்கக் காளிராஜ் வீட்டுக்கே வந்தார். நந்தகோபால் தொழுவத்தில் ஆட்டுக்கு அகத்திக்குழை கட்டிக்கொண்டிருந்தான்.

"நந்தகோபாலு, அந்த டீச்சர் பிள்ளை நல்லாப் பழகுது. மருந்து மாத்திரைன்னு ஒண்ணும் கிடையாது. கூட உக்காந்து விளையாட வைக்கும், பேச வைக்கும். நீ சரின்னு சொன்னாப் போதும்."

"எம்மவளுக்கு என்ன பைத்தியமா சார்?"

"பைத்தியம்னு யாருய்யா சொன்னா?"

"நீங்க சொல்லலை. நாளைக்கு ஊர் சொல்லும். பொட்டப்பிள்ளை. பயந்திருக்கா, அம்புட்டுதான். மழைக்காலம் கழியட்டும், தன்னால பேசுவா."

"கழிஞ்சும் பேசலேன்னா?"

நந்தகோபால் குழைக்கட்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். 

மறுநாள் காலையில், தான் வேலைக்குப் போகிற தீப்பெட்டி ஆபீஸ் வேன் வருவதற்கு முன்னால் சத்தியபாமா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். கையில் சோற்று வாளி.

"பாக்கச் சொல்லுங்க சார். அவிய கிட்ட இப்பம் சொல்ல வேண்டாம். பொறவு நான் சொல்லிக்கிடுதேன்."

பானு முதலில் ஒன்றும் கேட்கவில்லை. இதைப் பள்ளிக்கூட ஆயா பார்த்துவிட்டு எல்லோரிடமும் அதிசயமாகச் சொன்னாள்: "ரெண்டு பேரும் பேசாம உக்காந்திருக்காவ. இதுக்கு எதுக்கு ஒரு டீச்சரு?" மூன்றாவது வாரமோ என்னவோ, பானு வாளியில் கரிசல் மண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து வைத்தாள். பிரித்திகா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மண்ணை எடுத்து ஒரு ஆடு செய்தாள். பானுவும் ஒன்று செய்தாள். அது பன்றி மாதிரி வந்தது. பிரித்திகா அதை வாங்கி, காதைப் பிய்த்துத் தொங்கவிட்டு, வாலைச் சுருக்கி, ஆடாக்கித் திருப்பிக் கொடுத்தாள். "இது என்ன?" என்று இன்னொரு சின்ன உருண்டையைக் காட்டிக் கேட்டாள் பானு.

"குட்டி" என்றாள் பிரித்திகா.

மார்கழியில் அவள் பானுவிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். அந்த அறைக்குள் மட்டும். வாசல் தாண்டினால் வாய் மூடிக்கொள்ளும். வியாழக்கிழமை காலைகளில் அவளே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து அம்மா முன்னால் உட்கார்ந்தாள், தலை பின்னிவிடச் சொல்லி. காலர் கடிக்கிறதும் குறைந்திருந்தது. ஒரு நாள் வேன் விட்டு இறங்கின சத்தியபாமாவைப் பானு வழியில் பார்த்து ஸ்கூட்டியை நிறுத்தினாள்.

"அக்கா, அவ மனசுல எதையோ வச்சிக்கிட்டு இருக்கா. இடிச்சத்தத்துக்குப் பயந்தது மட்டும் இல்லை. பக்கத்துல வருதா, திரும்பப் போயிருதா. நான் அவசரப்படுத்தலை."

"நீங்க இருக்கீங்கன்னுதான் எனக்குத் தைரியம் டீச்சர்."

பொங்கல் கழிந்த ஒரு வியாழக்கிழமை பிரித்திகா தானாகவே கேட்டாள்: "மிஸ், நான் ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்லமாட்டீங்களே?"

"சொல்லமாட்டேன்."

"அன்னைக்கு மழை வந்துச்சுல்லா..."

அப்போது பார்த்துச் சாப்பாட்டு மணி அடித்தது. தட்டு எடுக்கப் பிள்ளைகள் அறைக்குள் கூட்டமாய் நுழைந்தார்கள். பிரித்திகா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். பானு அவள் கையைப் பிடித்து, "பரவால்லடா. அடுத்த வியாழக்கிழமை முழுசாச் சொல்லு. நான் இங்கனதான் இருப்பேன்" என்றாள். சொன்ன சொல்லில் அவள் தப்பவில்லை. அடுத்த வியாழக்கிழமை அவள் அங்கேதான் இருந்தாள். பிரித்திகாதான் இல்லை.

அந்த வாரம் கயத்தாற்று டீக்கடையில் ஒருவர் நந்தகோபாலிடம் சொல்லிவிட்டார்: "ஒம்மக அந்த டீச்சர்கிட்ட வாயைத் திறந்துட்டாளாமே. அன்னைக்கு நடந்ததைப் பூராவும் சொல்லுதாளாமே. நல்லதுப்பா." நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். நந்தகோபால் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"ஏட்டி, யாரைக் கேட்டு அனுப்பின?" சத்தியபாமா வேன் விட்டு இறங்கி, கைகால் கூடக் கழுவவில்லை. விரலெல்லாம் தீக்குச்சி மருந்து.

"யாரைக் கேக்கணும்? பிள்ளை சாகாம செத்துக்கிட்டு இருக்கு. உங்களைக் கேட்டா வேண்டாம்பீங்க."

"என்ன கேட்டா அவ? வீட்ல நடக்குறதை எல்லாம் கேட்டாளா?"

"வீட்ல என்ன நடக்கு, மறைக்கிறதுக்கு?"

நந்தகோபால் அவளைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். ரெண்டு பேருக்கும் தெரிந்த விஷயம்தான். அதை அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிற்பாடு ரொம்ப நாள் நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே, பசுவந்தனைப் பக்கம் கிடை போடப் புறப்பட்டவர்களோடு நந்தகோபால் தன் ஆடுகளையும் சேர்த்துக்கொண்டான். மகளையும் கூட்டிக்கொண்டான். கிடைக்கு ஆள் வேண்டும், காட்டுக் காற்றுப் பட்டால் பிள்ளை தெளிந்துவிடுவாள் என்று ரெண்டு காரணம் சொன்னான். சத்தியபாமாவுக்கு ஆபீஸ் வேலையை விட முடியாது. வாசலில் நின்றாள். பிரித்திகா போகும்போது திரும்பித் திரும்பிப் பள்ளிக்கூடத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள்.

மாசி பங்குனியில் வெள்ளாமை எடுத்த காடுகளில் ஆடுகளை ராத்தங்க அடைப்பார்கள். புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம். ஒரு காட்டில் சில ராத்திரி, பிறகு ஆட்டைச் சுற்றிக் கட்டின வலையைச் சுருட்டி அடுத்த காடு. காலையில் வெயிலுக்கு முன்னால் ஆட்டைக் கிளப்பி, காய்ந்த பருத்திமார் நிற்கிற இடம், மக்காச்சோளத் தட்டை கிடக்கிற இடம் என்று மேய்த்து, கண்மாயில் மிச்சம் இருக்கிற கலங்கல் தண்ணியைக் காட்டிவிட்டு, பொழுது சாயும்போது கொண்டுவந்து அடைக்க வேண்டும். பிரித்திகா எல்லா வேலையும் செய்தாள். குட்டிகளைத் தனியே கூட்டில் அடைத்தாள். தாய் ஆடு எது, குட்டி எது என்று பார்த்து ஊட்ட விட்டாள். நந்தகோபால் மூன்று கல் கூட்டி ரேஷன் அரிசி பொங்கி, கருவாட்டைச் சுட்டு, காணப்பயற்றுத் துவையல் வைத்தான். நல்ல கறித்துண்டு கிடைத்தால் மகள் தட்டில் வைத்தான். சாப்பிட்டாள். சொன்னதைச் செய்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. காலர் திரும்ப வாய்க்குள் போனது.

"பெறவு எப்பம்மா பேசுவ? அப்பாகிட்டயாவது பேசேன்" என்பான். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

பங்குனிப் பொங்கலுக்குப் பக்கத்து ஊர் அம்மன் கோவிலில் சாயங்காலம் வேட்டுப் போட்டார்கள். முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை. முதல் வேட்டு வெடித்ததும் ஆடுகள் மிரண்டு வலைக்குள் ஒரு பக்கமாய் நெருக்கியடித்தன. நந்தகோபால் வலையைப் பிடித்துச் சமாளித்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணோம். "பிரித்தி... ஏ பிரித்தி" என்று காடு முழுக்க ஓடினான். மற்றக் கிடைக்காரர்களும் ஓடினார்கள். ஓடையில் பார்த்தார்கள். மோட்டார் கிணற்றையும் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கிடைக்குள்ளேயே இருந்தாள். நெருக்கிக்கொண்டு நின்ற ஆடுகளின் வயிற்றுக்கு அடியில், புழுக்கையில் முகத்தைப் புதைத்துக் குப்புறக் கிடந்தாள். ஆடுகள் மிதித்து முதுகெல்லாம் குளம்புத் தடம். நந்தகோபால் ஆடுகளை விலக்கிவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டான். அவள் பேசிக்கொண்டிருந்தாள். மண்ணைப் பார்த்து, மூச்சுவிடாமல், திரும்பத் திரும்ப ஒரே பேச்சு.

"இனிமே அழமாட்டேன். இனிமே அழமாட்டேன் சித்தப்பா. இனிமே அழமாட்டேன்."

எதற்காக அப்படிச் சொல்கிறாள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் இத்தனை நாளும் அவள் தன்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று தான் பயந்தது எவ்வளவு அற்பம் என்பது மட்டும் விளங்கியது. ஆடுகளை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, விடிந்ததும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ் ஏறினான்.

அன்று வியாழக்கிழமை. வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். பிரித்திகா அவன் கையை உதறிவிட்டுச் சத்துணவு அறைப் பக்கம் ஓடினாள். அறை முழுக்க அரிசி மூட்டை. பாய் விரிக்கிற இடத்தில் எண்ணெய் டின்கள். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"டீச்சர் வரலையா சார்?" என்று நந்தகோபால் கேட்டான்.

காளிராஜ் எழுந்து வெளியே வந்தார். "உக்காருய்யா."

"உக்காரலை. பிள்ளையக் காட்டணும்."

"மார்ச்சோட முடிஞ்சிட்டு நந்தகோபாலு. அரசாங்க மானியத்துல போட்ட வேலை அது. வருஷத்துக்கு ஒருக்க புதுப்பிக்கணும். இந்த வருஷம் புதுப்பிக்கலை. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் எடுத்துட்டாங்க."

"திரும்ப எப்ப வருவாவ?"

"நிதி வந்தா வருவாங்க."

"நிதி எப்ப சார் வரும்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? எழுதிப் போட்டிருக்கேன். மூணாப்புல ஒரு பயல் தலைமுடியைத் தானே பிய்க்கான். ரெண்டாப்புல ஒரு பிள்ளைக்கு அம்மா கிடையாது, அந்த டீச்சர் வர்ற அன்னைக்குத்தான் வயிறாரத் திங்கும். எல்லாத்தையும்தான் எழுதியிருக்கேன்." காளிராஜ் அறை வாசலில் நிற்கிற பிரித்திகாவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒம்மகளை ஒவ்வொரு வாரமும் அந்தப் பிள்ளை கேட்டுச்சுய்யா. ஒருநாள் உன் வீட்டுக்கே போச்சு. பசுவந்தனைப் பக்கம் எந்தக் காடுன்னு யாருக்குத் தெரியும்? கடைசி நாள் எல்லாப் பிள்ளைககிட்டயும் சொல்லிட்டுப் போச்சு. இவகிட்ட மட்டும் சொல்ல முடியலை."

நந்தகோபாலுக்கு அந்த இடத்தில் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. போன வியாழக்கிழமை வந்திருந்தால்கூட டீச்சர் இங்கே இருந்திருப்பாள்.

கோவில்பட்டியில் விசாரித்துப் போனபோது பானு ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நெரிசல். நந்தகோபால் யாரென்று அவளுக்குத் தெரியாது. பிரித்திகாவின் அப்பா என்றதும் எழுந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வேப்பமர நிழலுக்கு வந்தாள். அவன் அந்த மரத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வெயிலிலேயே நின்றான்.

"டீச்சர், என்னைய வைஞ்சிருங்க. அப்பம்தான் எனக்குப் பேச வரும்."

"வையலை அண்ணாச்சி. சொல்லுங்க."

"ஊர் பைத்தியம்னு சொல்லும், அதான் பிள்ளையை உங்ககிட்ட அனுப்பலை. அப்படிச் சொன்னேன். அது பொய். வெள்ளிக்கிழமை ராத்திரி நான் நிறையக் குடிச்சிட்டேன். சனிக்கிழமை எந்திரிக்க முடியலை. என் வேலை அது, என் ஆடு. தம்பி ராப்பூரா மில்லுல நின்னுட்டு வந்தான். என்னைய ரெண்டு தரம் எழுப்பினான். பொறவு, நீ படுண்ணே, நான் பத்திட்டுப் போறேன்னுட்டுப் போனான். எம்மவ அதைப் பாத்துக்கிட்டு நின்னா. அதைத்தான் உங்ககிட்ட சொல்லப்போறான்னு நினைச்சேன். ஊருக்குத் தெரிஞ்சிரும்னு நினைச்சேன்."

பானுவை உள்ளேயிருந்து யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"அவ உங்களைப் பத்தி ஒண்ணுமே சொன்னதில்லை அண்ணாச்சி" என்றாள். "வேற எதையோ சொல்ல வந்தா. அன்னைக்கு மணி அடிச்சிட்டு. அடுத்த வாரம் சொல்லுன்னேன். நானும்தான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது. கையோட கூட்டிட்டுப் போயி வேற இடத்துல உக்கார வச்சுக் கேட்டிருக்கணும்."

திருநெல்வேலி பெரியாஸ்பத்திரியில் எந்தப் பிரிவு, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குத் தானே வருவதாகவும் சொன்னாள்.

திருநெல்வேலிக்குப் போனார்கள். நல்ல டாக்டர்தான், தன்மையாகத்தான் பேசினார். ஆனால் கூட்டத்தில் காத்துக் காத்துப் பிள்ளை மூலையில் ஒண்டிவிட்டாள். மாதம் ஒருமுறை வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பானு பஸ்ஸில் வந்தாள். சத்தியபாமா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். பிரித்திகா ஓடிவரவில்லை, ஒளியவும் இல்லை. விருந்தாளி வந்தால் பிள்ளைகள் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். பானு குழைத்துத் தந்த மண்ணில் கையை வைத்தாள், உடனே எடுத்துக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகும்போது, யாரும் எதிர்பார்க்காமல், பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள்.

"மிஸ், பள்ளிக்கூடத்துக்கு வருவீங்களா?"

பானு கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் பதில் சொன்னாள். "இல்லடா தங்கம். வர முடியாதுன்னுதான் நினைக்கேன்."

"சரி" என்றாள் பிரித்திகா. பிறகு எழுந்து ஆட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பானு நந்தகோபாலிடம் சொன்னாள்: "இனி என்கிட்ட சொல்லமாட்டா அண்ணாச்சி. திடீர்னு காணாமப்போன ஆளை நம்பி எப்படிச் சொல்லுவா? எனக்கு அந்த வேலை இருந்திருந்தா வாராவாரம் வந்து, மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சிருப்பேன்."

"அப்பம் என்ன செய்ய?"

"என்கிட்ட சொன்னீங்கள்ல, அதை அவகிட்ட சொல்லுங்க."

"சின்னப்பிள்ளைகிட்டயா?"

பஸ் வந்துவிட்டது.

அவனால் உடனே சொல்ல முடியவில்லை. சொல்லலாம் என்று பக்கத்தில் போய் உட்காருவான். தலையைத் தடவுவான். அவள் ஏறிட்டுப் பார்த்ததும் வேறு ஏதாவது சொல்லி எழுந்துவிடுவான். சித்திரை பிறந்தது. வெயிலில் கரிசல் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது.

கோடைமழை ஒருநாள் பிற்பகலில் திடீரென்று இறங்கியது. சத்தியபாமா ஆபீஸில். நந்தகோபால் ஆட்டைத் தொழுவத்தில் அடைத்துவிட்டு உள்ளே ஓடிவந்தபோது பிரித்திகா கட்டிலுக்கு அடியில் போய்விட்டிருந்தாள். கூப்பிட்டான். வரவில்லை. தகரத்தில் மழை அறைந்தது. வானம் ஒருதரம் உறுமியது. நந்தகோபால் தலைப்பாகையை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தானும் குனிந்து, கட்டிலுக்கு அடியில் நுழைந்து, அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டான். முழங்காலை மடக்க இடமில்லை. கால் ரெண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைப் பார்க்காமல், கட்டில் நாடாவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தான். குடித்ததைச் சொன்னான். தம்பி எழுப்பினதைச் சொன்னான். நீ படுண்ணே என்று அவன் சொன்னதைச் சொன்னான்.

"நாந்தான்ம்மா போயிருக்கணும். நான் போயிருந்தா உங்க சித்தப்பன் இருந்திருப்பான். என்னாலதான் அவன் போயிட்டான்."

பிரித்திகா வாயிலிருந்து காலரை எடுத்தாள்.

"இல்லை" என்றாள்.  "என்னாலதான்."

நந்தகோபால் அவள் பக்கம் திரும்பிப் படுத்தான்.

"நாந்தான் நனையுதேன் நனையுதேன்னு அழுதேன். இடி இடிக்கும்போது மரத்தடிக்குப் போகக் கூடாது, குத்தவச்சு உக்காருன்னாவ சித்தப்பா. நான் கேக்கலை. குளிருதுன்னு அழுதேன். அதனாலதான் மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போனாவ. பொறவு குட்டி ஓடிட்டு. நான் பிடிக்கப் போனேன். அவிய அங்கனயே நின்னாவ."

"ஏ தாயி, மழைல நனைஞ்சா பிள்ளை அழாம என்ன செய்யும்? அது ஒரு தப்பா?" நந்தகோபால் அவளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். ஐப்பசியிலிருந்து வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. மழைச் சத்தத்துக்கு மேல் கேட்டது. ரொம்ப நேரம் அழுதாள். அழுது ஓய்ந்து, மூக்கை அவன் சட்டையில் துடைத்துக்கொண்டு, கேட்டாள்:

"இதை ஏன்ப்பா அப்பவே சொல்லலை? நான் உங்களை வைஞ்சிருக்க மாட்டேனே."



பள்ளிக்கூடம் திறந்ததும் பிரித்திகா ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். பழையபடி ஓயாமல் கேள்வி கேட்கிற பிள்ளை திரும்பி வரவில்லை; இனி வருவாள் என்று சத்தியபாமாவும் எதிர்பார்க்கவில்லை. மானியத்தைப் பற்றிக் காளிராஜுக்கு இன்னும் பதில் வந்தபாடில்லை. தலைமுடியைப் பிய்க்கிற அந்தப் பையனை அவன் வீட்டில் மொட்டையடித்து அனுப்பியிருந்தார்கள், பிய்க்க முடி இருக்கக் கூடாது என்று.

நந்தகோபால் குடியை விட்டுவிட்டான். அதை யாரும் அவனிடம் பெரிதாகப் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை. வானம் கறுத்தால் மட்டும், எந்தக் காட்டில் நின்றாலும், ஆட்டைப் பக்கத்து ஆளிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவான். பிரித்திகா வாசலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பாள்.

"எனக்கு இப்பம் பயம் இல்லப்பா. நீங்க ஆட்டைப் பாருங்க" என்பாள்.

அவன் போகமாட்டான். மழை விடும்வரை அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான்.